எல்லைக்கு வடக்கே ஒரு கிளை

கனடாவின் வான்கூவரில் மென்பொருள் தொழிலைப் பார்க்க விரும்புகிறவர் கிரான்வில் தெருவில் தொடங்கலாம். முன்பு சியர்ஸ் அங்காடி இருந்த பெரிய கட்டடத்தின் மேல்தளங்களில் மைக்ரோசாஃப்ட் 2016இல் சுமார் 750 பேருக்கு இடமுள்ள அலுவலகத்தைத் திறந்தது. அங்கிருந்து ஜார்ஜியா தெருவில் கிழக்கே பத்து நிமிடம் நடந்தால் 1958இல் திறக்கப்பட்ட பழைய தபால் நிலையக் கட்டடம் வருகிறது. இன்று அதன் பெயர் ‘தி போஸ்ட்’. அதில் இருப்பது அமேசான். இரண்டு நிறுவனங்களுக்கும் தலைமையகம் அமெரிக்க எல்லைக்குத் தெற்கே, சியாட்டில் வட்டாரத்தில், சுமார் 230 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. காரில் மூன்று மணி நேரப் பயணம். தலைமையகம் இவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது இங்கே எதற்குத் தனி அலுவலகம் என்ற கேள்வியோடுதான் இந்தத் தெருக்களில் நடந்தேன்.

பதில் 2007இல் இருக்கிறது. வெளிநாட்டு வல்லுநர்களை வேலைக்கு எடுக்க உதவும் அமெரிக்காவின் எச்-1பி விசாவுக்கு ஆண்டு வரம்பு 65,000. அமெரிக்காவில் முதுகலையோ அதற்கு மேலோ படித்தவர்களுக்கு இன்னொரு 20,000. இந்தக் கூடுதல் வருவதற்கு முன்பு, 2001 முதல் 2003 வரையிலான நிதியாண்டுகளில், வரம்பு 1,95,000 ஆக இருந்து பிறகு சட்டென்று சுருங்கியது. 2007 மார்ச்சில் மைக்ரோசாஃப்டின் பில் கேட்ஸ் அமெரிக்க செனட் குழுவின் முன் இந்த வரம்பைத் தளர்த்தச் சொல்லி வாதாடினார். அடுத்த மாதம் விண்ணப்பம் திறந்த முதல் இரண்டு நாளிலேயே 1,20,000க்கு மேல் மனுக்கள் குவிந்தன. யாருக்கு விசா என்பதைக் குலுக்கல் தீர்மானித்தது. அந்த ஜூலையில் வான்கூவர் வட்டாரத்தில் மேம்பாட்டு மையம் தொடங்கப்போவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. அமெரிக்கக் குடியேற்றச் சிக்கலில் மாட்டியவர்களை வேலைக்கு எடுத்து வைத்துக்கொள்ள இந்த மையம் உதவும் என்பதை அந்த அறிவிப்பு மறைக்கவில்லை. கூலி குறைவு என்பதற்காகப் பெங்களூருக்கோ சென்னைக்கோ போகும் கிளை ஒரு வகை. இது வேறு வகை. சட்டம் ஆளை உள்ளே விடாததால், ஆள் நிற்கக்கூடிய இடத்துக்கு நிறுவனமே நகர்ந்து போன கதை இது.

இப்படிப்பட்ட கிளை நல்லதா என்று கேட்டால், அது இரண்டு விஷயங்களைப் பொறுத்தது என்பேன். கிளைக்குச் சொந்த வேலை உண்டா? அங்கே வேலை செய்கிறவருக்கு வேலையை விட்டுப் போகும் சுதந்திரம் உண்டா? முதலாவதைப் புரிந்துகொள்ள இந்தக் கைத்தொழிலைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். கைத்தொழில் என்று தெரிந்தேதான் சொல்கிறேன். கோட் எழுதுவது இதில் ஒரு பகுதி மட்டுமே. எதைக் கட்டுவது, எப்படிக் கட்டுவது என்று வடிவமைப்புக் குறிப்பு எழுதி, அதைக் கேள்வி கேட்பவர்களின் முன் வைத்துக் காப்பாற்ற வேண்டும். எழுதிய கோடை இன்னொருவர் வரிவரியாகப் படித்துக் குறை சொல்லும் ரிவியூவைத் தாண்ட வேண்டும். வெளியிட்ட பிறகு ஆன்-கால் முறை வரும்போது, நள்ளிரவில் சர்வர் விழுந்தால் எழுந்து உட்கார்ந்து காரணத்தைத் தேட வேண்டும். தான் எடுத்த முடிவு ஆறு மாதம் கழித்து எங்கே உடைகிறது என்று தன் கண்ணால் பார்த்தவருக்கே அடுத்த முடிவு சரியாக அமைகிறது. தொடக்கம் முதல் பழுது வரை ஒரே கையில் இருக்கும்போதுதான் இந்தத் தொழிலில் தேர்ச்சி வருகிறது.

கிளையை வெறும் விசாப் பாலமாக நடத்தினால் இந்தச் சங்கிலி அறுந்துபோகும். எல்-1 விசாவின் விதியைப் பாருங்கள். நிறுவனத்தின் வெளிநாட்டு அலுவலகத்தில், கடந்த மூன்று ஆண்டுக்குள், தொடர்ந்து ஓராண்டு வேலை செய்தவரை அமெரிக்க அலுவலகத்துக்கு மாற்றலாம். இதற்கு ஆண்டு வரம்பு கிடையாது, குலுக்கல் கிடையாது. ஆகவே குலுக்கலில் விழாதவரை வான்கூவரில் ஓராண்டு உட்காரவைத்துப் பிறகு தெற்கே அழைத்துக்கொள்வது எளிய வழி. ஆனால் இவர் பன்னிரண்டாவது மாதம் போய்விடுவார் என்று மேனேஜருக்குத் தெரிந்தால், பெரிய பொறுப்பை ஏன் கொடுப்பார்? துண்டு துண்டான வேலைதான் வரும். முடிவு தெற்கே எடுக்கப்படும். வடக்கே அது நிறைவேற்றப்படும். இதில் இன்னொரு கட்டும் இருக்கிறது. எச்-1பி வைத்திருப்பவர் புதிய நிறுவனம் மனு போட்டால் வேலை மாறலாம். எல்-1இல் வந்தவருக்கு அந்த வழி இல்லை. வேலை போனால் விசாவும் போகும். எச்-1பிக்கு உள்ளது போன்ற குறைந்தபட்சச் சம்பள விதியும் எல்-1க்கு இல்லை. குலுக்கலிலிருந்து தப்பித்தவர் நிறுவனத்தின் பிடியில் அகப்படுகிறார்.

சிறிய கிளைக்கு யார் சொந்த வேலை கொடுப்பார்கள், முக்கியமான முடிவுகள் தலைமையகத்தில்தானே நடக்கும் என்று சொல்வார்கள். இதே வட்டாரத்திலேயே இதற்கு மறுப்பு இருக்கிறது. பக்கத்து ஊரான பர்னபியில் டிஸ்டிங்டிவ் சாஃப்ட்வேர் என்ற கேம் நிறுவனம் இருந்தது. 1991இல் கலிஃபோர்னியாவின் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் அதை வாங்கியது. உலகம் முழுவதும் பிள்ளைகள் விளையாடிய ஃபிஃபா கால்பந்து விளையாட்டுகள் பல ஆண்டுகளாக அந்தக் கிளையில்தான் உருவாயின. மைக்ரோசாஃப்டுக்கே வான்கூவரில் ‘தி கோலிஷன்’ என்ற ஸ்டூடியோ இருக்கிறது. 2016இல் வந்த கியர்ஸ் ஆஃப் வார் 4, 2019இல் வந்த கியர்ஸ் 5 இரண்டும் அங்கே பொறுப்பேற்றுச் செய்யப்பட்டவை. ஒரு முழுப் பொருளைக் கிளையிடம் ஒப்படைத்தால், ஆட்கள் அங்கேயே தங்குகிறார்கள், தேர்ச்சி பெறுகிறார்கள், புதியவர்களுக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள். தடையாக இருப்பது தூரம் அல்ல. ஒப்படைக்கும் மனம் இல்லாததுதான்.

உள்ளூர்க்காரர்களின் எதிர்ப்பு இன்னும் கனமானது. 2014இல் மைக்ரோசாஃப்டின் வான்கூவர் பயிற்சி மையத்துக்கு, உள்ளூரில் ஆள் கிடைக்கிறார்களா என்று பார்க்கும் தொழிலாளர் சந்தை ஆய்விலிருந்து கனடா விலக்கு அளித்தது. பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்திலும் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்திலும் படித்து வெளியே வரும் பிள்ளைகள், இந்த மையம் எங்களுக்கா, வேறு நாட்டுக்குப் போகக் காத்திருப்பவர்களுக்கா என்று கேட்டால் அது நியாயமான கேள்வி. ஆனால் கதவை மூடினால் வேலை உள்ளூருக்கே வரும் என்ற எண்ணத்தைச் சான்று ஆதரிக்கவில்லை. எச்-1பி வரம்பு இறுகியபோது பன்னாட்டு நிறுவனங்கள் வெளிநாட்டுக் கிளைகளில், குறிப்பாக இந்தியா, சீனா, கனடாவில், ஆளெடுப்பைக் கூட்டின என்று பொருளியலாளர் பிரிட்டா கிளெனனின் ஆய்வு காட்டுகிறது. வேலை வெளியே போனதே தவிர, அமெரிக்கருக்குப் போகவில்லை. ஆகவே உள்ளூர் மாணவருக்கும் வெளிநாட்டுப் பொறியாளருக்கும் தேவை ஒன்றே: சொந்த வேலையுள்ள கிளை. அங்கேதான் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி இருக்கும்.

பாலமாவது இருக்கிறதே, இல்லாவிட்டால் அந்தப் பொறியாளர் வேலையே இழந்திருப்பாரே என்பது கடைசி வாதம். அதில் உண்மை உண்டு. இந்தியர்களுக்கு அது இன்னும் அழுத்தமான உண்மை. அமெரிக்காவின் வேலைவழி கிரீன் கார்டில் ஒரு நாட்டாருக்கு 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது என்பதால், தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள் உட்பட இந்தியர்களின் வரிசை பல ஆண்டுகளாக நகராமல் நிற்கிறது. 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி மனுக்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் அறிவிக்கப்பட்ட பிறகு இப்படிப்பட்ட கிளைகளின் தேவை கூடத்தான் செய்யும். ஆனால் பொறியாளர்கள் எதற்கு ஏங்குகிறார்கள் என்பதை 2023 ஜூலை காட்டியது. அமெரிக்காவில் எச்-1பியில் இருப்பவர்களுக்கு, எந்த நிறுவனத்தோடும் கட்டாத மூன்றாண்டு வரையிலான வேலை அனுமதியைக் கனடா 10,000 பேருக்குத் திறந்தது. இரண்டு நாளுக்குள் அத்தனையும் முடிந்துபோனது. இரண்டு வாரத்தில் அனுமதி தருவதை இலக்காகக் கொண்டு கனடா 2017இல் தொடங்கிய விரைவு வழி நல்ல திட்டம்தான். ஆனால் அந்த அனுமதியும் பெரும்பாலும் ஒரே முதலாளியோடு கட்டியது. நிரந்தர வசிப்புரிமை கையில் வரும்போதுதான் பொறியாளர் தலைநிமிர்ந்து சம்பளம் பேச முடிகிறது, வேண்டாத வேலையை வேண்டாம் என்று சொல்ல முடிகிறது.

எனவே வடக்கே ஒரு கிளையிலிருந்து வேலைக்கு அழைப்பு வந்தால், இளம் பொறியாளரே, கையெழுத்துப் போடுவதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இந்த அலுவலகத்தில் முடிவெடுத்து, இங்கேயே கட்டி, இங்கேயே பழுது பார்க்கும் பொருள் எது? என் நிரந்தர வசிப்புரிமை விண்ணப்பத்துக்கு எந்த மாதம் துணை நிற்பீர்கள்? இந்த வேலை போனால் என் குடும்பம் இந்த நாட்டில் எத்தனை நாள் இருக்கலாம்? மூன்றுக்கும் எழுத்தில் பதில் தரும் கிளையில் துணிந்து சேருங்கள். தராத இடத்தில் சேர வேண்டியிருந்தால், அது காத்திருப்பு அறை என்று தெரிந்தே சேருங்கள். அங்கே உங்கள் தேர்ச்சியின் ஓர் ஆண்டைக் கொடுக்கிறீர்கள்.