எந்த மொட்டை, எந்தக் குட்டை?

ஒப்பந்தத்தை மீறிவிட்டதாக யாராவது உங்கள் மேல் வழக்குப் போட்டால், பிராதின் கடைசிப் பக்கத்தில் இருக்கும் தொகையைத்தான் முதலில் பார்ப்பீர்கள். எல்லோரும் அப்படித்தான். மூச்சு திரும்பியதும் நடுப்பக்கங்களைப் படியுங்கள். நீங்கள் செய்த தப்பு என்ன என்று எங்கேயாவது எழுதியிருக்கிறதா?

என் நண்பர் ஒருவர் ஆபீஸ்களுக்கு மேஜை, அலமாரி, மரத் தடுப்பெல்லாம் செய்து கொடுப்பவர். அவருக்கு வந்த பிராது எட்டுப் பக்கம். சாரம் என்னவோ ஒரே வாக்கியம்தான்: பிரதிவாதி மேற்படி ஒப்பந்தத்தின் ஷரத்துக்களைப் பலவாறாக மீறியதால் வாதிக்குச் சொல்லொணா நஷ்டமும் மன உளைச்சலும் ஏற்பட்டது, ஆகவே 2 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய் தரவேண்டும். மொட்டைத் தாத்தன் குட்டையில் விழுந்தான் கதை. எந்த ஷரத்து? எந்தத் தேதி? எந்த மேஜை?

''எல்லாம் பொய்னு ஒரே வரியில எழுதிக் குடுத்துடுங்க ஸார்'' என்றார் நண்பர், வக்கீலிடம்.

வக்கீல் வயதானவர். சிரித்தார். ''அவங்க மொட்டையா எழுதினா கோர்ட்டுக்குக் கோபம் வரும். நீங்க மொட்டையா மறுத்தா, ஒத்துக்கிட்டதாவே எடுத்துக்கும்.''

நிஜம்தான். 1908-ம் வருஷத்து சிவில் நடைமுறைச் சட்டத்தில் 6-வது ஆர்டர், வழக்கின் முக்கியமான சங்கதிகளைச் சுருக்கமாகச் சொல்லச் சொல்கிறது. மோசடி, நம்பிக்கைத் துரோகம் போன்றவற்றுக்குத் தேதியோடு விவரம் கேட்கிறது. விவரம் தேவைப்படும் மற்ற வழக்குகளுக்கும் அதே விதி. ஒப்பந்த மீறல் அதில் அடங்கும். 8-வது ஆர்டரோ பிரதிவாதியைப் பிடிக்கிறது. ஒவ்வொரு குற்றச்சாட்டையும் தனித்தனியாக மறுக்க வேண்டும், மழுப்பக்கூடாது. பதிலுரைக்கு 30 நாள் கெடு. காரணம் சொன்னால் 90 வரை நீளும். (3 லட்சமும் அதற்கு மேலும் என்றால் வணிக நீதிமன்றம், விதிகள் இன்னும் கறார். நண்பர் தப்பித்தது 20 ஆயிரத்தில்!)

''பிராதையே தள்ளுபடி பண்ணச் சொன்னா என்ன?'' - இது நான். பேப்பரில் படித்த தைரியம்.

அதற்கும் வழி உண்டு: 7-வது ஆர்டர், 11-வது விதி. 1977-ல் அறிவானந்தம் என்பவரின் வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர் வெளுத்து வாங்கினார். இல்லாத வழக்கு மூலத்தை இருப்பதுபோல் சாமர்த்தியமாக ஜோடித்திருந்தால் முளையிலேயே கிள்ளிவிட வேண்டும் என்றார். ஆனால் வழக்கே இல்லாதது வேறு, இருக்கிற வழக்கை அரைகுறையாகச் சொல்வது வேறு. இரண்டாவதற்குப் பெரும்பாலும் திருத்த அனுமதி கிடைத்துவிடும். அப்படியே நிராகரித்தாலும் புதுப் பிராது போடத் தடையில்லை. ஓட்டை எங்கே இருக்கிறது என்று எதிராளிக்குப் பாடம் எடுத்த புண்ணியம் மட்டும் மிஞ்சும்.

சரி, வாயை மூடிக்கொண்டு சாட்சி விசாரணை வரை காத்திருந்து, 'இது பிராதிலேயே இல்லையே!' என்று குதித்தால்? ஆசையாகத்தான் இருக்கிறது. பிராதில் சொல்லாததற்கு எத்தனை சாட்சியம் இருந்தாலும் பிரயோஜனமில்லை என்று ப்ரிவி கவுன்சிலே 1930-ல் சொல்லிவிட்டது. ஆனால் விஷயம் இன்னதென்று இரு தரப்புக்கும் தெரிந்தே வழக்காடியிருந்தால், அந்தக் குறையைக் கோர்ட் பெரிதுபடுத்தாமல் விட்டுவிடவும் கூடும். அதனால், புரியவில்லை என்பதை முதல் காகிதத்திலேயே எழுதிவைக்க வேண்டும் என்பது வக்கீலின் கட்சி. எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது.

எழுதினார். பாரா பாராவாக மறுப்பு. நடுநடுவே, எந்த ஷரத்து, என்றைக்கு மீறியது, நஷ்டக் கணக்கு என்ன என்ற கேள்விகள். 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 73-வது பிரிவு, மீறலால் இயல்பாக விளையும் நஷ்டத்துக்குத்தான் ஈடு தருகிறது, சுற்றிவளைத்து வருவதற்கு இல்லை. ஆகவே கணக்கு வேண்டும் என்றும் ஒரு பாரா. கூடவே 11-வது ஆர்டரில் ஒரு நோட்டீஸ்: பிராதில் சொல்லியிருக்கும் கடிதங்களைக் காட்டுங்கள். காட்டாவிட்டால், தக்க காரணம் சொல்லாமல் பின்னால் அவற்றைச் சாட்சியமாகக் கொண்டுவர முடியாது.

இரண்டு வாய்தா கழித்து எதிர்த்தரப்பு பிராதைத் திருத்தியது. நான்கு பக்கமாக இளைத்திருந்தது. இரண்டு அலமாரி 11 நாள் தாமதம். அந்த நாட்களில் ஃபைல்களை வைக்க வெளியே ஓர் அறை வாடகைக்கு எடுத்தது. ரசீது 19 ஆயிரத்துக்கு. மீதித் தொகைக்கு மன உளைச்சலைத் தவிர வேறு ஆதாரம் இல்லை.

நண்பர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் மெதுவாக, ''அந்த ரெண்டு அலமாரி லேட்டுதான் ஸார். பிளைவுட் வரலை'' என்றார்.

''இதை அவங்க முதல்லயே எழுதியிருந்தா?''

''அன்னிக்கே குடுத்திருப்பேனே!''

19 ஆயிரத்தைக் கொடுத்து ராஜியாகிவிட்டார். வக்கீல் ஃபீஸ் தனி.