ஒரு செவியின் மந்தம்

கண் சற்று மங்கினால் கண்ணாடிக்கு ஓடும் நம்மவர், ஒரு காது மந்தமானால் மற்றொரு காதைக் கொண்டு காலம் தள்ளுவர். இரைச்சல் கேட்டால் எண்ணெயைக் காய்ச்சி ஊற்றுவர்; தலை சுற்றினால் பித்தம் என்பர். இப்பழக்கம் ஒழிதல் வேண்டும் என்றே நமது அநுபவத்தை ஈண்டு எழுதலாயினோம்.

நமது இடது செவியில் ஓயாத இரைச்சலும் மந்தமும் தோன்றின. மருத்துவர் உள்ளே நோக்கினார், அழுக்குமில்லை, சீழுமில்லை. ஒலிச் சோதனையில் குறை ஒரு பக்கத்தில் மட்டுமே எனக் கண்டதும், எம்.ஆர்.ஐ. படம் எடுக்கப் பணித்தார். காது நோய்க்குத் தலைப்படம் எதற்கென வினவினோம். அவர் விளக்கியது இது:

உட்செவிக்கும் மூளைக்கும் இடையே, கடினமான எலும்பினுள், ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் நீளமே உள்ள சிறு குழாய் உண்டு. கேட்கும் நரம்பும், உடலின் சமநிலையைக் காக்கும் நரம்பும், முகத்தை அசைக்கும் நரம்பும் அதனுள் நெருங்கிச் செல்கின்றன. அங்கே சிறு கட்டி தோன்றினும் நரம்புகள் நசுக்குண்ணும். வெளியே ஒன்றும் தெரியாது.

அங்குத் தோன்றுவன பெரும்பாலும் சமநிலை நரம்பின் உறையில் வளரும் கட்டிகளே. அவை புற்று அல்ல. அவற்றுட் சில நீர் கோத்திருக்கும். மிக அரிதாக, மூளையைப் போர்த்த மெல்லிய சவ்வில் தெளிநீர்ப் பையும், தோற்செதில்கள் திரண்ட முத்துநிறக் கட்டியும் அங்கே காணப்படும். இம்மூன்றும் தரும் துன்பம் ஒன்றே. சில படங்களில் தோற்றமும் ஒன்றே. கடோலினியம் என்னும் மருந்தை ஊசி வழிச் செலுத்திப் படமெடுத்தால் நரம்புறைக் கட்டியின் திண்ணிய பகுதி ஒளிரும்; தெளிநீர்ப் பை ஒளிராது. நீரின் அசைவை அளக்கும் வேறொரு படத்தில் முத்துநிறக் கட்டி வெண்மையாகச் சுடரும். தெளிநீர்ப் பை அவ்வாறு சுடராது.

இப்பாகுபாடு வீண் ஆராய்ச்சியன்று. தெளிநீர்ப் பையைப் பெரும்பாலும் கத்தி வையாது கண்காணிக்கலாம். அவ்விடத்தில் அறுக்கப் புகுந்தாலோ கேள்வியும் முகத்தின் அசைவும் பறிபோக நேரலாம். நமக்கிருப்பது தெளிநீர்ப் பையே எனத் துணிந்தனர்; குறித்த காலத்திற்கொருமுறை படமெடுத்து வருகிறோம். இழந்த கேள்வி மீளவில்லை, அச்சம் நீங்கிற்று.

உடலைக் கீறாமலே உள்ளே காணும் இவ்வித்தைக்கு 1973இல் வழி காட்டியவர் பால் லாட்டர்பர். அவரும் பீட்டர் மான்ஸ்பீல்டும் 2003இல் நோபெல் பரிசு பெற்றனர். இத்தகைய அறிவு நம் நகரத்து மருத்துவமனை வரை வந்திருக்க, நாம் தாயத்தை நாடுதல் முறையோ?

தோழர்களே! தொலைபேசியை ஒரு காதிலும் பின்னர் மறு காதிலும் வைத்துப் பாருங்கள். ஒன்றில் மட்டும் குரல் மங்கினால் வாளாவிராதீர். காரணம் பெரும்பாலும் எளியதாகவே இருக்கும். ஆயின் எளியதென்று சொல்ல வேண்டியவர் மருத்துவரே, அண்டை வீட்டாரல்லர்.