அரசு ஊற்றிய கஞ்சி

"இலவச அரிசி கொடுத்தே மக்களைச் சோம்பேறிகளாக்கிவிட்டனர்" என்னும் பேச்சு, ஞாயிறு திருப்பலி முடிந்து கோவில் முற்றத்தில் நிற்கையில் அடிக்கடி நம் காதில் விழுவதுண்டு. பேசுவோர் தீயவரல்லர், வின்சென்ட் தே பவுல் சபைக்குத் தாராளமாகக் காணிக்கை தருவோரே. இக்கருத்து எங்கெங்கு அரசாண்டது என்று தேடியபோது அது நம்மை அயர்லாந்துக்கு இட்டுச் சென்றது.

கத்தோலிக்கர் பெரும்பான்மையினராய் வாழும் அந்நாட்டில் 1845-இல் உருளைக்கிழங்குப் பயிர் நோயுற்று அழுகிற்று. ஏழைக் குடியானவரின் உணவே அதுதான். அப்போதைய ஆங்கிலப் பிரதமர் பீல் அமெரிக்க மக்காச்சோளத்தை வரவழைத்தார். 1846-இல் அவருக்குப்பின் வந்த ரஸ்ஸலின் அரசோ, வாணிபத்தில் அரசு தலையிடலாகாது என்னும் தாராளக் கொள்கையை வேதவாக்காகக் கொண்டது. நிவாரணத்தை மேற்பார்த்த கருவூல அதிகாரி சார்லஸ் டிரெவெல்யன், அரசுதவி ஏழையின் சுயமுயற்சியைக் கெடுக்கும் என அஞ்சினார். (1859-இல் சென்னை மாகாண ஆளுநராய் வந்தவரும் இவரே.) பட்டினி கிடந்த நாட்டிலிருந்து தானியம் கப்பலேறிற்று.

அவ்வரசுக்கு உணவளிக்கத் தெரியாமலில்லை என்பதே நம்மை வருத்துகின்றது. 1847 கோடையில் கஞ்சித்தொட்டிகள் திறந்தபோது நாளொன்றுக்கு ஏறத்தாழ 30 லட்சம் பேர் உண்டனர். சில மாதங்களில் அவற்றை மூடிவிட்டனர். கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவன் அதைக் கைவிட்டாலன்றி உதவி இல்லை என்று சட்டமும் இயற்றினர். ஏறத்தாழ 10 லட்சம் பேர் மாண்டனர். அவ்வளவு பேரே கடல் கடந்தனர். நிலமா, கஞ்சியா என்று தேர்ந்துகொள்ளும் உரிமையைச் சுதந்திரம் என்றழைக்க நமக்கு மனம் வரவில்லை.

1891-இல் பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர் தம் 'ரேரும் நோவாரும்' சுற்றுமடலில் தனியுடைமையைப் போற்றினார். ஆயினும், செல்வர் தம்மைத் தாமே காத்துக்கொள்வர், ஏழைக்கோ அரசே பெருந்துணை என்றும் எழுதினார். தாராளவாதிகளும் மெல்ல மாறினர். அவர்களுள் ஒருவரான வில்லியம் பெவரிட்ஜ், நோயுற்றோர்க்கும் வேலையிழந்தோர்க்கும் முதியோர்க்கும் குறைந்தபட்ச வாழ்வை அரசு உறுதிசெய்ய வேண்டுமென 1942-இல் தம் அறிக்கையில் வேண்டினார். அதற்குமேல் ஈட்டும் முயற்சியை அரசு நசுக்கலாகாது என்பதையும் அவர் விடவில்லை.

நியாயவிலை அரிசி மூட்டை மூட்டையாய்க் கடத்தப்படுவதை நாம் அறியாதவரல்லேம். ஆனால் நாம் சந்திக்கும் இல்லங்களில் அவ்வரிசியை உண்போர் விடியுமுன்பே சித்தாள் வேலைக்குப் புறப்படுகின்றனர். முன்பெல்லாம் மேஸ்திரி எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வாங்கிக்கொண்டதாகவும், வீட்டில் ஒரு மாதத்து அரிசி இருக்கும் தைரியத்தில் சென்ற வாரம் அரைக்கூலிக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டதாகவும் ஒரு தாய் நம்மிடம் கூறினார்.