பாட்டு முடிந்த பிறகு

பாட்டு எப்போது முடிகிறது? இதெல்லாம் ஒரு கேள்வியா என்று நீங்கள் சிரிக்கலாம். எங்கள் வீட்டில் இதற்காகச் சண்டையே நடந்திருக்கிறது. பாடுகிறவர் கடைசி அடியைப் பாடி நிறுத்தியதுமே என் தாயாருக்குப் பாட்டு முடிந்துவிட்டது. அதற்கு மேல் வாத்தியங்கள் என்ன வாசித்தாலும், அவர் கணக்கில் அது பந்தி முடிந்த பிறகு கிடக்கும் எச்சில் இலை! கை தானாகப் பொத்தானுக்குப் போய்விடும்.

அம்மாவை மட்டும் குறை சொல்வானேன்? சங்கீத சபைகளில் தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் நடப்பது என்ன? மிருதங்க வித்துவான் ஆயுள் பூராவும் கற்ற வித்தையை விரல் நுனியில் கொட்டிக்கொண்டிருப்பார். ரசிகர்களில் பாதிப் பேர் காண்டீனில் காப்பிக்கு வரிசையில் நிற்பார்கள். வார்த்தை இல்லாத இடம் எழுந்து போகிற இடம் என்று நமக்குள் ஒரு தீர்மானம்.

எனக்கோ அந்த இடந்தான் பிடிக்கும். அதிலும் ஆங்கில ராக் பாட்டுகளில் பாடகர் ஓய்ந்த பிறகு, கிடாரும் பியானோவும் நிமிஷக் கணக்கில் தொடருமே, அதற்காகவே பாட்டை முழுக்கக் கேட்பேன்.

இந்த நீண்ட வால் பாட்டுகளுக்கு எப்படி முளைத்தது? பழைய 78 சுற்று இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிஷம், மிஞ்சினால் சற்று அதிகம், அவ்வளவுதான் அடங்கும். கச்சேரியில் அரை மணி பாடுகிற வித்துவானும் தட்டுக்காகத் தம்மைச் சுருக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. 1948ல் எல்.பி. தட்டு வந்தது. ஒரு பக்கத்துக்கே இருபது நிமிஷத்துக்கு மேல் இடம் கிடைத்தது. சிறிய வீட்டிலிருந்து பெரிய வீட்டுக்குக் குடிபோனவர்கள் மாதிரி, ராக் கோஷ்டியார் 1960களின் கடைசியிலிருந்து கை காலை நீட்டிக்கொண்டார்கள்.

'லைலா' என்ற பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆம், நம் லைலா மஜ்னு கதையின் லைலாவேதான். எரிக் கிளாப்டன் என்ற ஆங்கிலேய கிடார்க்காரர், தம் நண்பரின் மனைவியிடம் மனத்தைப் பறிகொடுத்துத் தவித்தார். அந்த நண்பர் பீட்டில்ஸ் கோஷ்டியின் ஜார்ஜ் ஹாரிசன். பாரசீகக் கவி நிஜாமியின் காவியத்தைப் படித்த கிளாப்டன், அதிலிருந்து பெயரை எடுத்து 1970ல் இந்தப் பாட்டைப் பதிவு செய்தார். முன்பாதியில் ஒரே கதறல். பிறகு குரல் நின்றுவிடுகிறது. கோஷ்டியில் டிரம் வாசித்த ஜிம் கார்டன் பியானோவில் அமைதியாக ஆரம்பிக்க, கிடார் அதைத் தொடர்ந்துகொண்டு போகிறது. அழுது ஓய்ந்தவள் முகம் கழுவிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்த மாதிரி இருக்கும்!

1971ல் இதைச் சிறிய தட்டாக வெளியிட்டபோது, பியானோப் பகுதியை வெட்டிவிட்டார்கள். பாட்டு எடுபடவில்லை. 1972ல் வெட்டாமல், ஏழு நிமிஷமும் முழுசாக வெளியிட்டார்கள். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் முதல் பத்து இடங்களுக்குள் வந்துவிட்டது. கதறலை மட்டும் கேட்டுவிட்டுப் போக ஜனங்களுக்கு மனம் வரவில்லை போலிருக்கிறது.

ஈகிள்ஸ் கோஷ்டியின் 'ஹோட்டல் கலிஃபோர்னியா' 1976ல் வந்தது. பாடி முடித்த பிறகு டான் ஃபெல்டரும் ஜோ வால்ஷும் சுமார் இரண்டு நிமிஷம் கிடார் வாசிக்கிறார்கள். இரண்டு நாயனக்காரர்கள் ஒரு ராகத்தை ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கு போட்டுக்கொள்வது போல் மாறி மாறி வரும். அந்த வாசிப்புக்கு முடிவே கிடையாது. ஒலியைக் கொஞ்சங் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே போய்விடுகிறார்கள். அவர்கள் நிறுத்தவில்லை, நம் காதுக்கு எட்டாத தூரத்துக்குப் போய்விட்டார்கள் என்று தோன்றும். தெருவில் போகிற ஊர்வலம் தூரத்தில் தேய்ந்து மறைகிற மாதிரி.

இந்த உவமை எனக்குத் தோன்றக் காரணம் உண்டு. நான் குடியிருப்பது மூலக்கொத்தளத்தில். ஒரு பக்கம் பேஸின் பிரிட்ஜ் ரயில் சத்தம். இன்னொரு பக்கம் மயானம். இந்தி எதிர்ப்புப் போரில் சிறைப்பட்டு 1939ல் உயிர் நீத்த நடராசனும் தாளமுத்துவும் இங்கேதான் துயில்கிறார்கள். வட சென்னையில் சாவு வீட்டில் இரவு கானா பாடுவார்கள். இறந்தவர் பெருமை, வாழ்க்கையின் நிலையாமை, நடுவே கேலியும் உண்டு. பிணம் எடுக்கும்போது பாட்டு ஓய்ந்து மேளம் மட்டும் முன்னால் நடக்கும். ஆண்கள் பின்னால் போவார்கள். பெண்கள் தெரு முனையோடு நின்றுவிட வேண்டும். இப்போது சில பெண்கள் மயானம் வரை போகிறார்கள், கொள்ளியும் வைக்கிறார்கள். எங்கள் தெருவில் பெரும்பாலும் பழைய வழக்கந்தான்.

சென்ற வருஷம் எதிர்வீட்டு அம்மாளின் கணவர் காலமானார். துறைமுகத்தில் மூட்டை சுமந்து குடும்பத்தைக் காத்தவர். ஊர்வலம் திரும்பியதும் பெண்கள் எல்லோரும் வீட்டுக்குக் கிளம்பினார்கள். வீட்டைக் கழுவிவிட வேண்டும், குளிக்க வேண்டும், எத்தனையோ வேலை.

"வாக்கா, போலாம்" என்று தங்கை கையைப் பிடித்தாள்.

"இருடி, இன்னும் கேக்குது" என்றார் அந்த அம்மாள்.

அத்தனை பேரும் நின்றோம். ஒரு கூட்ஸ் வண்டி தடதடவென்று கடந்து மேளத்தை விழுங்கிவிட்டது. வண்டி போன பிறகு, மெல்லிய நூலாக மறுபடியும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. அந்த அம்மாள்தான் முதலில் திரும்பி நடந்தார்.

இரவு பாடிய பாட்டெல்லாம் இறந்தவருக்கு. இந்தக் கடைசி மேளம் அவருக்கு. கூடப் போக முடியாதவளைத் தெருவோடு அறுத்துவிடாமல், கொஞ்ச தூரம் கையைப் பிடித்து அழைத்துப் போய், மெதுவாக விட்டது அதுதான். துக்கத்துக்கு அந்தச் சில நிமிஷம் வேண்டியிருக்கிறது. வார்த்தையால் அதைக் கொடுக்க முடிவதில்லை.

கல்யாண நாயனக்காரர் பெயரை அழைப்பிதழில் அச்சடிப்போம். சாவு மேளக்காரர் பெயரை யார் கேட்கிறோம்? கூலியைக் கொடுத்துப் பின்பக்கமாகவே அனுப்பிவிடுகிறோம். தெரு முனையில் நின்றவளுக்கும் சேர்த்துத்தான் வாசித்தோம் என்பது அவர்களுக்குத் தெரியுமோ, என்னவோ!

இன்று கைப்பேசியில் அடுத்த பாட்டுக்குத் தாவ ஒரு விரல் போதும். சகோதரிகளே, பாடகர் நிறுத்திய பிறகும் வாத்தியம் தொடர்ந்தால், அந்த விரலைக் கொஞ்சம் அடக்கி வையுங்கள். அடுப்பில் பால் பொங்கினால் மட்டும் விதிவிலக்கு!