குமிழ் வைத்த கட்டை

பிளவக்கல்

அன்புத் தம்பிக்கு,

நீங்கள் ஹாலந்தில் வாங்கிய மரச்செருப்பைப் போட்டுக்கொண்டு பாப்பா எடுத்த படம் வந்தது. "நம்ம ஊர்ல இது உண்டா அத்தை?" என்று கேட்டிருந்தாள். இதை அவளுக்கு வாசித்துக் காட்டு.

உண்டு. பாதக்குறடு என்போம், மிதியடி என்றும் சொல்வோம். உள்ளங்கால் அளவுக்குப் பலகை, அடியில் முன்னும் பின்னும் கட்டை, மேலே பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையில் பிடித்துக்கொள்ள ஒரு குமிழ். வார் கிடையாது. விரலை இறுக்கியே நடக்க வேண்டும், ஓட முடியாது. தாத்தா கொல்லைக்குப் போகிற சத்தம் உனக்கு நினைவிருக்கும்.

ஹாலந்தில் வில்லோ, பாப்லர் மரத்தைக் குடைந்து செய்ததை ஈர மண்ணில் பாடுபட்ட உழவர்கள் போட்டார்கள். இங்கே தலைகீழ். அணையில் தண்ணீர் திறந்து தொளியடித்த வயலில் வெறுங்காலோடுதான் இறங்க முடியும். எதைப் போட்டாலும் சேறு உருவிக்கொள்ளும். குறடு போட்டவர்கள் சேற்றில் இறங்காதவர்கள்: துறவிகள், மடாதிபதிகள், பூசை செய்கிறவர்கள், வீட்டுப் பெரியவர்கள். தோல் தீட்டு என்று நினைத்தவர்களுக்கு மரம் தோதாக இருந்தது. ஊருக்கே செருப்புத் தைத்தவர்களோ மேல்சாதித் தெருவில் செருப்புப் போட்டு நடக்கக் கூடாது என்று இருந்தது. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. பாப்பாவிடம் இதை மறைக்காதே. தாத்தாவின் பாதக்குறட்டை அழகு என்று மட்டும் சொல்லி அவள் வளரக் கூடாது.

அழகும் உண்டுதான். சிவனை வெறுங்காலோடு செய்கிற சிற்பிகள், அவர் பிச்சை எடுக்கக் கிளம்பும் பிச்சாடனர் கோலத்துக்குப் பெரும்பாலும் பாதக்குறடு மாட்டிவிடுவார்கள். உடம்பில் துணி இல்லை, காலில் குறடு! வீடு வீடாக அலையப் போகிறவர் கால் நோகுமே என்று அந்தச் சிற்பி நினைத்திருக்கிறான் என்றே நான் நம்புகிறேன். அடுத்த லீவில் தஞ்சாவூர் கலைக்கூடத்துக்குப் போவோம். அங்கே சோழர் காலச் செப்புத் திருமேனிகளைக் காலிலிருந்து பார்க்க அவளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

ராமனுடைய பாதுகை 14 வருஷம் அயோத்தியை ஆண்ட கதை அவளுக்குத் தெரியும். அந்தப் பாதுகையைப் பற்றி மட்டுமே வேதாந்த தேசிகர் 1008 சுலோகம் பாடியிருக்கிறார் என்பதையும் சொல். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளைச் சேவிக்கும்போது நம் தலையில் வைக்கிற சடாரியின் மேலே இருப்பது பெருமாளின் திருவடி. நம்மாழ்வாராகவே அதை எண்ணித் தலை குனிகிறோம்.

கடைசியாக உனக்கு ஒரு வேலை. லண்டன் நேஷனல் கேலரியில் யான் வான் ஐக் 1434-இல் வரைந்த ஒரு தம்பதியர் படம் இருக்கிறது. இடது பக்கக் கீழ் மூலையில், தெருச்சேற்றுக்காகப் போட்ட மர மிதியடி கழற்றிப் போட்டபடி கிடக்கும். அங்கே போனால் அந்த மூலையை மட்டும் பெரிதாக எடுத்து எனக்கு அனுப்பு. அதன் வார் எப்படிக் கட்டியிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அக்கா