வாட்சனின் காயம்

ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளில் தீராத வழக்கு ஒன்று உண்டு. ஆப்கானிஸ்தான் போரில் வாட்சனுக்குக் குண்டடி பட்டது தோளிலா, காலிலா? முதல் நாவல் தோள் என்கிறது. இரண்டாவது நாவல் கால் என்கிறது. கானன் டாயில் மறந்துவிட்டார் என்று கடந்து போகலாம். அப்படிக் கடந்து போக மனம் வராதவர்களே ரசிகர்கள். இதற்கெனத் தனியாக ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக் குறிப்பெடுத்தவன் நான்.

இவ்வகை ஆராய்ச்சிக்கு வழிகாட்டியவர் ரொனால்ட் நாக்ஸ். 1911இல் ஆக்ஸ்போர்டில், விவிலிய ஆய்வாளர்களைக் கேலி செய்வதற்காக, அவர்களுடைய முறையிலேயே ஹோம்ஸ் கதைகளை ஆராய்ந்தார். கேலி நாளடைவில் பக்தியாயிற்று. 1934இல் கிறிஸ்டோபர் மார்லி நியூயார்க்கில் தொடங்கிய 'பேக்கர் ஸ்ட்ரீட் இர்ரெகுலர்ஸ்' சங்கத்தில் எழுத்தாளர்களும் பத்திரிகையாளர்களும் இருந்தார்கள், பெண்களுக்கு இடமில்லை. வாட்சனே உண்மையான ஆசிரியர், டாயில் வெறும் முகவர் என்பது அவர்கள் விளையாட்டின் விதி. 1941இல் ரெக்ஸ் ஸ்டவுட் அவர்கள் முன் பேசும்போது, வாட்சன் ஒரு பெண் என்று 'நிறுவி'க் காட்டினார். நகைச்சுவையாக வாட்சன் பெண்ணாகலாம். நிஜப் பெண் உள்ளே வர முடியாது. 1968இல் கல்லூரி மாணவியர் சிலர் விருந்து நடந்த இடத்தின் வெளியே மறியல் செய்தார்கள். கதவு திறக்க 1991 ஆயிற்று.

இப்படிப்பட்ட கூட்டம் எத்தகைய ரசிகர் புனைவை விரும்பும்? 'கண்டெடுக்கப்பட்ட கையெழுத்துப் பிரதி'யை. தேதி பொருந்த வேண்டும், அடிக்குறிப்பு வேண்டும். நிக்கலஸ் மேயர் 1974இல் எழுதிய நாவல் ஹோம்ஸை வியன்னாவுக்கு, ஃபிராய்டிடம் அனுப்புகிறது. அதுவும் வாட்சனின் கையெழுத்துப் பிரதியைப் பதிப்பிக்கும் பாவனையில்தான். அதைப் படித்து நான் மயங்கியதில் வியப்பில்லை. நானும் அந்த ஜாதி.

2010இல் பிபிசி ஹோம்ஸை இன்றைய லண்டனுக்குக் கொண்டுவந்தது. புதிதாக வந்த ரசிகர்களில் இளம்பெண்கள் ஏராளம். அவர்கள் எழுதிக் குவித்த கதைகளில் ஹோம்ஸும் வாட்சனும் காதலர்கள். சிலவற்றைப் படித்து எரிச்சலுற்றேன். தேதி இல்லை; பலவற்றில் துப்பறிய ஒரு வழக்குகூட இல்லை.

அக்காள் மகளிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். "மூன்று காரிடெப்கள் கதையை இன்னொரு தடவை படியுங்கள் மாமா" என்றாள். அதில் வாட்சனின் தொடையைக் குண்டு உரசிச் செல்கிறது. ஹோம்ஸ் பதறுகிறார், உதடு நடுங்குகிறது, வாட்சன் இறந்திருந்தால் நீ உயிரோடு வெளியே போயிருக்க மாட்டாய் என்று சுட்டவனிடம் சொல்கிறார். பத்து முறையாவது படித்த கதை. என் நோட்டைப் புரட்டினேன். அதன் எதிரே எழுதியிருந்தது இவ்வளவுதான்: "தொடை. மூன்றாவது காயம்?"

அவளுடைய கூட்டத்தார் எழுதுவதெல்லாம் உயர்ந்தது என்று சொல்ல மாட்டேன். இருவரும் தேநீர் அருந்திக்கொண்டே முப்பது பக்கம் போகும் கதைகள் உண்டு. எங்கள் தரப்பின் ரயில் கால அட்டவணைக் கட்டுரைகள் மட்டும் என்ன வாழ்ந்தன?

சென்ற மாதம் அவளே ஒரு கதை எழுதினாள். வாட்சன் விந்தி நடக்க வேண்டுமாம். எந்தத் தொடை என்று கேட்டாள். தேடினேன். டாயில் சொல்லவில்லை.

"இடது" என்றேன்.