கங்காணியும் கரடியும்

பேத்திக்காகக் கரடிப் பொம்மைக் கதைகள் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஏ.ஏ. மில்னும் மகன் கிறிஸ்டோபர் ராபினின் பொம்மைகளை வைத்துத்தான் 1926இல் ‘வின்னி த பூ’ எழுதினார். அந்தக் கரடிப் பொம்மை இன்றும் நியூயார்க் பொது நூலகத்தில் இருக்கிறது.

என் கரடி நம்மூர்ச் சூரியக் கரடி. உலகக் கரடிகளிலேயே சிறியது. நெஞ்சில் மஞ்சள் பிறை, தேன் நக்க நீள நாக்கு. வேறென்ன வேண்டும்!

பத்தாங் காலி தோட்டத்து லயத்தில் பாட்டி சொன்ன கதைகளில், பெரட்டு நேரத்தில் கரடி வந்து பால் வாளியைக் கவிழ்க்கும். கங்காணி அலறிக்கொண்டு ரப்பர் மரமேறுவார். கூலிக்காரர்கள் கதையில் கங்காணிக்கு வேறெந்த இடம் கிடைக்கும்?

பேத்தி பார்த்ததெல்லாம் செம்பனைதான். பால்வெட்டை விளக்கவே ஒரு பக்கம் போயிற்று. கங்காணியைக் கீழே இறக்கிவிடலாமா என்று கேட்டேன். “வேணாம் தாத்தா, கரடி இன்னும் போகலையே” என்கிறாள்.